புவேதொ, பொதேமொஸ்: ‘முடியும்’ என்பதை ஸ்பானிஷில் பழகிக்கொள்ள

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் எல்லோரையும் முதல் மாதத்திலேயே குழப்பிவிடும் வினைச்சொல் ஒன்று உண்டு. அகராதியில் அது ‘பொதேர்’ என்று இருக்கும். பொருள்: முடிதல், இயலுதல். அப்படியானால் ‘என்னால் முடியும்’ என்பதற்கு ‘போதொ’ என்றுதானே வர வேண்டும்? வருவதோ ‘புவேதொ’. சரி, இனி எல்லாம் ‘புவே’தான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டால், ‘எங்களால் முடியும்’ என்னும்போது பழையபடி ‘பொதேமொஸ்’ என்று நிற்கிறது. இந்த ஒரே ஒரு வினையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இது பிடிபட்டால் இதே போக்கில் நடக்கும் ஏராளமான வினைகள் தாமே பிடிபடும்.

உத்திரமேரூரில் இருந்துகொண்டு ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்கிறீர்களா?

நியாயமான கேள்விதான். கம்பெனி பேருந்து ஏறினால் சென்றடையும் ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சிலி, பெரு, மெக்சிகோ நாடுகளுக்குக் கார்கள் போகின்றன. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் கொலம்பியாவிலும் ஆர்ஜென்டினாவிலும் ஓடுகின்றன. அங்கெல்லாம் ஆட்சிமொழி ஸ்பானிஷ். மொத்தம் 20 நாடுகளில் அதற்கு அந்தத் தகுதி இருக்கிறது. ஏற்றுமதிப் பிரிவிலோ, வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலையிலோ இருப்பவருக்கு இந்த மொழி கொஞ்சம் தெரிந்தாலும் மதிப்புதான். ஒரு வினையைப் படித்ததும் வேலை தேடி வரும் என்று நான் சொல்லவில்லை. வகுப்பைப் பாதியில் விட்டுவிடாமல் இருக்க இது உதவும், அவ்வளவுதான்.

இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேனே, எப்படிப் படிப்பது?

ஸ்பானிஷ் உயிரெழுத்துகளில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அதனால் நெடிலை வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட அசைகள் உள்ள ஸ்பானிஷ் சொல்லில் எங்கே நெடில் இருக்கிறதோ, அந்த அசையைச் சற்றே ஓங்கிச் சொல்லுங்கள். மற்றவற்றைச் சாதாரணமாக விடுங்கள். ‘பொதேர்’ என்றால் ‘தேர்’ ஓங்கி வர வேண்டும். ‘புவேதொ’ என்றால் ‘வே’ ஓங்க வேண்டும். ‘புவே’ என்பதை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே மூச்சில், ஒரே அசையாகச் சொல்லுங்கள். ரோமன் எழுத்தில் எழுதும்போது இதற்கு பி, யு, இ என மூன்று எழுத்துகள் வரும்.

ஒலிப்பில் உங்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. ‘பாதை’ என்னும்போது நடுவில் வரும் ‘த’ எவ்வளவு மென்மையாக இருக்கிறது? ‘புவேதொ’வில் வரும் ஒலி ஏறத்தாழ அதுவேதான். ‘பல்’ என்பதில் உள்ள ‘ப’, காற்றை ஊதாமல் வருகிறதே, ஸ்பானிஷ் ‘ப’வும் அப்படித்தான். ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் இந்த இரண்டு ஒலிகளுக்கும் மெனக்கெட வேண்டும். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆகவே ‘போடேர்’ என்று ‘ட’ போட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது வினையின் ஆறு வடிவங்கள். நிகழ்காலம் மட்டும்.

யொ புவேதொ: என்னால் முடியும்.
தூ புவேதெஸ்: உன்னால் முடியும்.
ஏல் புவேதெ: அவனால் முடியும். (அவளுக்கு ‘ஏய’, மரியாதையான ‘நீங்கள்’ என்றால் ‘உஸ்தேத்’, வினை அதே ‘புவேதெ’.)
நொஸோத்ரொஸ் பொதேமொஸ்: எங்களால், நம்மால் முடியும்.
வொஸோத்ரொஸ் பொதேய்ஸ்: உங்கள் எல்லோராலும் முடியும். (இது ஸ்பெயின் நாட்டு வழக்கு.)
ஏயொஸ் புவேதென்: அவர்களால் முடியும். (பலரை நோக்கி ‘உஸ்தேதெஸ்’ என்றாலும் இதே வினைதான்.)

லத்தீன் அமெரிக்க நாடுகளில் ஐந்தாவது வடிவம் பேச்சில் வராது. அதற்குப் பதில் கடைசி வடிவத்தையே சொல்வார்கள். உங்கள் கண் மெக்சிகோ மேலோ கொலம்பியா மேலோ இருந்தால், ஐந்தாவதைப் பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

நான்கு இடத்தில் மாறுகிறது, இரண்டு இடத்தில் மாறவில்லை. ஏன்?

வகுப்புகளில் இதற்கு ஒரு படம் போடுவார்கள். ஆறு வடிவங்களையும் இரண்டு வரிசையாக எழுதி, மாறும் நான்கைச் சுற்றிக் கோடு இழுத்தால் ஒரு காலணி போல இருக்கும். அதைப் பார்த்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வுத்தாளில் அது உதவலாம். பேசும்போது உதவாது என்பது என் கருத்து. எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கும்போது யாரும் மனதுக்குள் காலணி வரைந்து பார்ப்பதில்லை.

உண்மையான காரணம் அழுத்தம் (ஒரு சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது). மேலே உள்ள ஆறையும் வாய்விட்டுப் படியுங்கள். ‘புவேதொ’, ‘புவேதெஸ்’, ‘புவேதெ’, ‘புவேதென்’ ஆகிய நான்கிலும் அழுத்தம் முன்னால், வினையின் பகுதியில் (அடிப்பாகம்) விழுகிறது. ‘பொதேமொஸ்’, ‘பொதேய்ஸ்’ ஆகிய இரண்டிலும் அது பின்னுக்குத் தள்ளிப்போய் விகுதியில் (யார் என்று காட்டும் கடைசிப் பாகம்) விழுகிறது. பகுதியிலுள்ள ஒகரத்தின் மேல் அழுத்தம் விழுந்தால் அது ‘உவே’ என உடைகிறது. விழாவிட்டால் ஒகரமாகவே இருக்கிறது. விதி இவ்வளவுதான்.

இது வினைகளுக்கு மட்டும் உள்ள விசித்திரம் இல்லை. வெனிசுவேலா நாட்டின் பெயரை ஸ்பானிஷில் ‘வெனெஸுவேல’ என்பார்கள். அந்த நாட்டுக்காரர் ‘வெனெஸொலானொ’. அழுத்தம் பின்னால் நகர்ந்ததும் ‘உவே’ போய் ‘ஒ’ வந்துவிட்டது, பார்த்தீர்களா? லத்தீனில் இருந்த ஒரு குறில் ஒகரம், அழுத்தம் விழுந்த இடங்களில் நூற்றாண்டுகளின் போக்கில் இப்படி இரண்டாக உடைந்தது. பக்கத்து மொழியான போர்த்துகீசியத்தில் அப்படி உடையவில்லை. ஸ்பானிஷில் கதவு ‘புவேர்த’. போர்த்துகீசியத்தில் ‘போர்த’.

ஆர்ஜென்டினா இன்னும் நல்ல சாட்சி. அங்கே ‘நீ’ என்பதற்குத் ‘தூ’ சொல்லாமல் ‘வொஸ்’ என்பார்கள். ‘வொஸ்’ வந்தால் அழுத்தம் கடைசிக்குப் போய்விடும். அதனால் ‘உன்னால் முடியும்’ என்பது அங்கே ‘வொஸ் பொதேஸ்’ ஆகிறது. ‘புவே’ காணாமல் போயிற்று. காலணிப் படத்தை மட்டும் படித்தவர் பியூனஸ் அயர்ஸ்காரரிடம் இதைக் கேட்டால் தப்பாகப் பேசுகிறாரோ என்று நினைப்பார். அழுத்தத்தைப் பிடித்தவருக்கு அது இயல்பாகத் தெரியும்.

பகுதி மாறுவது தமிழில் இல்லையா?

தாராளமாக இருக்கிறது. ‘வா’ என்று ஏவுகிறோம், ‘வருகிறேன்’ என்கிறோம், ‘வந்தேன்’ என்கிறோம். ஒரே வினைக்கு மூன்று முகம். ‘காண்பேன்’ என்னும்போது நெடில், ‘கண்டேன்’ என்னும்போது குறில். ‘சா’ என்பது ‘செத்தான்’ ஆகும்போது அடையாளமே தெரிவதில்லை. குழந்தையிலிருந்து பேசி வருவதால் நமக்கு இது உறுத்துவதில்லை.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு உறுத்தியது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசியப் பாதிரியார் அன்ரிக்கே அன்ரிக்கஸ், 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலால் நமக்குத் தெரிந்தவர். தமிழ் வினைகளை லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள் அடுக்கி, தன் நாட்டவர் படிப்பதற்காக ஓர் இலக்கணமும் எழுதி வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் கார்ல் கிரவுல் என்ற ஜெர்மானியர் தமிழ் வினைகளை வகை வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் தமிழ் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் அந்த வகைப்பாட்டை வைத்துத்தான் திணறுகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ‘பொதேர்’ எளிது.

வினையின் கடைசியில் ஆளைக் காட்டுவதும் உங்களுக்குப் புதிதல்ல. ‘போகிறேன்’ என்றாலே ‘நான்’ என்று தெரிந்துவிடும். ‘புவேதொ’ என்றாலும் அப்படியே. அதனால் ஸ்பானிஷ்காரர்களும் ‘யொ’ என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்களுக்குப் புதிதாக இருப்பது அழுத்தம் ஒன்றுதான். தமிழில் ‘பல்’லையும் ‘பால்’ஐயும் பிரிப்பது நீளம். எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் தமிழில் பொருள் மாறாது. ஸ்பானிஷில் மாறும். ‘ஆப்லொ’ என்றால் ‘நான் பேசுகிறேன்’. ‘அப்லோ’ என்றால் ‘அவர் பேசினார்’. ஆகவே உங்கள் நேரத்தைப் பட்டியலில் செலவிடுவதைவிடக் காதிலும் வாயிலும் செலவிடுங்கள்.

தமிழே காலை வாரிவிடும் இடம் எது?

‘என்னால்’ என்ற சொல். தமிழில் ‘என்னால் முடியும், உன்னால் முடியும், அவர்களால் முடியும்’ என்று ஆளின் பக்கம் மாறிக்கொண்டே போகிறது. ‘முடியும்’ மட்டும் அசையாமல் நிற்கிறது. ஸ்பானிஷில் இது தலைகீழ். ஆள் வெறும் ‘நான்’, ‘நீ’தான். வினைதான் ஒவ்வொருவருக்கும் மாறுகிறது. ‘ஆல்’ உருபுக்கு ஸ்பானிஷில் என்ன சொல் என்று தேட வேண்டாம். தேடினால் ஏதோ ஒன்று கிடைக்கும். அதைப் போட்டால் வாக்கியம் கெட்டுப்போகும்.

இன்னொன்று வரிசை. நாம் ‘சாப்பிட முடியும்’ என்கிறோம். அங்கே ‘முடியும்’ முன்னால் வரும்: ‘புவேதொ கொமேர்’. ‘கொமேர்’ என்றால் சாப்பிட. பின்னால் வரும் இந்த வினையை மாற்றவே வேண்டாம், அகராதியில் உள்ளபடியே வைத்துவிடலாம். அது ‘ஆர்’, ‘ஏர்’, ‘ஈர்’ ஆகிய மூன்றில் ஒன்றில் முடியும். இதுதான் இந்த வினையின் பெரிய லாபம். புதிதாக ஒரு வினை தெரிந்ததும், அதன் ஆறு வடிவமும் தெரியாமலே ‘புவேதொ’ பின்னால் போட்டுப் பேசத் தொடங்கிவிடலாம்.

எதிர்மறைக்கு முன்னால் ‘நொ’ போடுங்கள். ‘நொ புவேதொ ஈர்’ என்றால் ‘என்னால் போக முடியாது’. ‘முடியும்’, ‘முடியாது’ என்று வினையையே மாற்றும் வேலை அங்கே இல்லை.

மரியாதையாகப் பேசுவது எப்படி?

‘உஸ்தேத்’ என்பது ‘நீங்கள்’. ஆனால் அதற்கு ‘அவர்’ என்பதற்குரிய வினையைத்தான் போட வேண்டும்: ‘உஸ்தேத் புவேதெ’. இது ஏன் இப்படி என்று பலர் குழம்புவார்கள். ‘உங்கள் தயை’ என்ற பொருளில் வழங்கிய ஒரு பழைய தொடர் தேய்ந்துதான் ‘உஸ்தேத்’ ஆனது. மடாதிபதியின் எதிரிலேயே நின்று ‘சந்நிதானம் எப்போது எழுந்தருளுகிறது?’ என்று படர்க்கையில் கேட்பார்களே, அந்த முறைதான். அறிமுகம் இல்லாதவர், வயதில் மூத்தவர், வேலை விஷயமாகப் பேசுபவர் எல்லோருக்கும் ‘உஸ்தேத்’ போடுங்கள். ‘தூ’ போட்டுவிட்டு வருந்துவதைவிட இது நல்லது. கொலம்பியாவின் சில பகுதிகளில் நண்பர்களுக்குள்ளேயே ‘உஸ்தேத்’ சொல்வார்கள்.

ஆண், பெண், அஃறிணை வேறுபாடு வினையில் இல்லை. ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடும் இல்லை. தமிழர்களுக்கு இதெல்லாம் மிச்சம்.

‘முடியும்’ என்ற பொருள் மட்டும்தானா?

இல்லை. தமிழில் ‘-லாம்’ போடும் இடங்களும் இந்த வினைக்குள் வரும். ‘புவேதொ என்த்ரார்?’ என்றால் ‘நான் உள்ளே வரலாமா?’ என்று அனுமதி கேட்பது. ‘புவேதெ ஸேர்’ என்றால் ‘இருக்கலாம்’. ஒருவர் ஏதாவது ஊகத்தைச் சொல்லி, உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் இந்த இரண்டு சொல்லைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

ஆனால் ‘தெரியும்’ இதற்குள் வராது. இது முக்கியம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் நீச்சல் தெரியும் என்பதற்கும் நீந்த முடியும் என்பதற்கும் ‘கேன்’ என்ற ஒரே சொல்தான். ஸ்பானிஷில் பழகிக்கொண்ட திறமைக்கு ‘ஸபேர்’ என்று தனி வினை. ‘ஸே நதார், பேரொ ஓய் நொ புவேதொ’ என்றால் ‘எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் இன்றைக்கு முடியாது’. தமிழ் ‘தெரியும்’, ‘முடியும்’ பிரிவு அப்படியே பொருந்துகிறது. லாரி ஓட்டத் தெரிந்தவர் கண் வலியால் இன்று ஓட்ட முடியாமல் இருக்கலாம். அந்த இரண்டையும் தமிழில் எங்கே பிரிப்பீர்களோ, ஸ்பானிஷிலும் அங்கேயே பிரியுங்கள். இந்த இடத்தில் ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேராகப் போவது நல்லது.

யார் என்றே சொல்லாமல் ‘முடியும்’, ‘கூடாது’ என்பதெல்லாம்?

அதற்கு ‘ஸெ புவேதெ’. ‘இங்கே வண்டி நிறுத்தலாமா?’ என்று பொதுவாகக் கேட்கிறோமே, அந்த இடத்துக்கு உரியது. ‘நொ ஸெ புவேதெ’ என்றால் கூடாது, முடியாது. கதவருகே நின்று ‘ஸெ புவேதெ?’ என்று மட்டும் கேட்டால் ‘வரலாமா?’ என்று பொருள்.

உலகத்துக்கு இந்தத் தொடரைத் தெரியவைத்தவர்கள் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். 1972இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அவர்களின் தலைவர் சேசர் சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தபோது, அவரோடு சங்கம் நடத்திய தொலோரெஸ் உவேர்தா ‘ஸீ, ஸெ புவேதெ’ என்ற முழக்கத்தை எழுப்பினார். ஆம், முடியும் என்று பொருள். அது ஐக்கிய பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் முழக்கமாக நிலைத்தது. ஸ்பெயினில் 2014இல் தொடங்கிய ஒரு கட்சியின் பெயரே ‘பொதேமொஸ்’. நம்மால் முடியும் என்று அர்த்தம். ஒன்றில் ‘புவே’, மற்றதில் ‘பொ’. இந்த முழக்கத்தையும் இந்தக் கட்சிப் பெயரையும் நினைவில் வைத்தால் விதியின் இரு பக்கமும் கையில் இருக்கும்.

நடந்து முடிந்ததைச் சொல்ல?

இங்கேதான் விதி பாதி கைகொடுக்கும், பாதி கைவிடும். ‘முன்பெல்லாம் முடிந்தது’ என்று நீண்ட நாள் நிலையைச் சொல்ல ‘பொதீய’. அழுத்தம் ‘தீ’யில் விழுவதால் ஒகரம் உடையவில்லை. எதிர்காலத்துக்குப் ‘பொத்ரே’. அழுத்தம் கடைசியில், அதனால் அங்கும் உடையவில்லை. இந்த இரண்டும் விதிப்படி நடக்கின்றன.

ஆனால் ‘நேற்று போக முடியவில்லை’ என்று ஒருமுறை நடந்ததைச் சொல்லும்போது பகுதி ‘புத்’ ஆகிவிடும்: ‘அயேர் நொ பூதெ ஈர்’. என்னால் என்றால் ‘பூதெ’, அவரால் என்றால் ‘பூதொ’, எங்களால் என்றால் ‘புதீமொஸ்’, அவர்களால் என்றால் ‘புதியேரொன்’. இதற்கு அழுத்த விதி உதவாது. மனப்பாடம்தான். ‘நொ பொதீய’ என்றால் முடியாத நிலையில் இருந்தேன் என்பதோடு நின்றுவிடும், பிறகு என்ன ஆயிற்று என்று தெரியாது. ‘நொ பூதெ’ என்றால் முடியவே இல்லை, கதை முடிந்தது. ஏன் வரவில்லை என்று மேலாளர் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டாவதை.

வேலையில் உடனே பயன்படும் வாக்கியங்கள் உண்டா?

தொலைபேசியில் ஸ்பானிஷ் பேசுபவர் கடகடவென்று பேசுவார். பாதி புரியாது. அப்போது ‘புவேதெ ரெபெதீர்?’ என்று கேளுங்கள். மறுபடியும் சொல்ல முடியுமா என்று அர்த்தம். ‘புவேதெ அப்லார் மாஸ் தெஸ்பாஸியொ?’ என்றால் கொஞ்சம் மெதுவாகப் பேச முடியுமா. இன்னும் பணிவாக இருக்க வேண்டுமானால் ‘புவேதெ’வை எடுத்துவிட்டு ‘பொத்ரீய’ போடுங்கள். ‘பொத்ரீய அயுதார்மெ?’ என்றால் ‘எனக்குக் கொஞ்சம் உதவ முடியுங்களா?’ என்கிற தொனி வந்துவிடும். இந்த மூன்று வாக்கியமும் தெரிந்தவர் முதல் அழைப்பில் திகைத்து நிற்க மாட்டார்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அவர் ‘புவேதெஸ்?’ என்று உங்களைக் கேட்டால், பதிலுக்கு ‘புவேதெஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள். தமிழில் ‘முடியுமா?’ என்றால் ‘முடியும்’ என்று அதே வினையைத் திருப்பிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஸ்பானிஷில் நீங்கள் ‘புவேதொ’ என்று மாற்றியாக வேண்டும்.

வீட்டில் பழகுவதற்குப் பாடம்?

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறு ஊரில் கிடைக்காது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தது, ஊர்ச் சபையின் குடவோலைத் தேர்தலுக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று சொல்வதுதானே? அந்தச் சபை பிராமணச் சபை, எல்லோருக்கும் அதில் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆனால் ‘புவேதெ’, ‘நொ புவேதெ’ சொல்லிப் பழக அந்த விதிகள் அருமையானவை.

921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். ஒருவருக்கு வயது 40. நிற்கலாமா? ‘புவேதெ’. இன்னொருவருக்கு 30. ‘நொ புவேதெ’. உங்களுக்கே 45 வயது என்றால் ‘புவேதொ’. உங்களுக்கும் உங்கள் நண்பருக்கும் 50 என்றால்? ‘பொதேமொஸ்’ என்று வாயில் வருகிறதா பாருங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் (சபையின் குழுவில்) இருந்தவர் ‘நொ புவேதெ’. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் ‘நொ புவேதென்’, பன்மை என்பதால் ‘ன்’. வீட்டில் ஒருவர் வயதைச் சொல்ல, மற்றவர் தீர்ப்புச் சொல்ல, ஒரு மாலைப் பொழுதில் நான்கு வடிவங்கள் நாக்கில் ஏறிவிடும்.

அகராதியில் தேடும்போது?

‘வந்தேன்’ என்ற சொல்லைத் தமிழகராதியில் தேடினால் கிடைக்காது, ‘வா’வுக்குத்தான் போக வேண்டும். அதேபோல் அச்சு அகராதியில் ‘புவேதொ’ கிடைக்காது. தெரியாத வினையில் ‘உவே’ கண்டால் அதை ‘ஒ’ ஆக்கித் தேடுங்கள். ‘துவேர்மொ’ (தூங்குகிறேன்) என்றால் ‘தொர்மீர்’ பக்கத்தில் இருக்கும். 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் ராஜ அகாதெமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு வினைக்கும் முழு வடிவப் பட்டியலையும் அதில் பார்க்கலாம்.

ஒகரம் உள்ள வினை எல்லாமே இப்படி மாறுமா?

மாறாது. ‘கொமேர்’ என்பதில் ஒகரம் இருக்கிறது. ஆனால் ‘சாப்பிடுகிறேன்’ என்பது ‘கோமொ’தான், ‘குவேமொ’ இல்லை. எங்கே மாறும் என்பதை அழுத்தம் சொல்லும். எந்த வினை மாறும் என்பதை அது சொல்லாது. அதனால் நோட்டில் ஒரு வினையை எழுதும்போது தனியாக எழுதாதீர்கள். ‘பொதேர், புவேதொ’ என்று இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதிப் படியுங்கள். மற்ற ஐந்தையும் விதி தந்துவிடும்.

சான்றிதழ் வேண்டுபவர்கள் டெலே என்ற தேர்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்பெயின் அரசு நிறுவனமான இன்ஸ்டிடியூட்டோ செர்வாண்டஸ் நடத்துவது. டெல்லியில் அதற்கு மையம் உண்டு. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஒருமுறை தேறினால் சான்றிதழ் காலாவதியாகாது. நாம் இங்கே பார்த்த நிகழ்கால வடிவங்கள் முதல் படிக்கே தேவைப்படும். ‘பூதெ’, ‘பூதொ’ வகையறாவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ‘கெரேர்’ என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். விரும்புதல், வேண்டுதல் என்று பொருள். இதில் அழுத்தம் விழும் இடத்தில் ‘எ’ என்பது ‘இயே’ என உடையும். ‘எனக்கு வேண்டும்’ என்பது ‘கியேரொ’. ‘எங்களுக்கு வேண்டும்’ என்பதை நீங்களே சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்கு வாருங்கள்.

‘கெரேமொஸ்’.